ரிப்போர்ட் நார்மல் என்று வந்தும் நோய் பயம் ஏன் போவதில்லை?

மருத்துவர் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும், பெரிய வியாதி இருக்கிறது என்ற பயம் மாதக்கணக்கில் ஆட்டிப்படைப்பதுதான் தீவிர நோய் பயம்.

நார்மல் ரிப்போர்ட் தரும் நிம்மதி, கொசுக்கடியைச் சொறிகிற மாதிரி. அந்த நேரத்துக்குச் சுகம், அப்புறம் அரிப்பு கூடும். 'டெஸ்ட் எடுத்ததால்தான் தப்பித்தோம்' என்று மூளை பழகிவிடுவதால், அடுத்த சந்தேகம் இன்னும் சீக்கிரம் வரும். பயத்தில் வரும் படபடப்பே புது அறிகுறியாகத் தெரியும். கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று நாள் முழுக்க அமுக்கிப் பார்த்தால், அமுக்கியதாலேயே அந்த இடம் வலிக்கும்!

இதற்கு நல்ல பலன் தருவது சிபிடி என்ற பேச்சு சிகிச்சை. கூகுளில் தேடுவது, பல்ஸ் பார்ப்பது, "எனக்கு ஒண்ணும் இல்லதானே?" என்று வீட்டாரை நச்சரிப்பது, இதையெல்லாம் படிப்படியாகக் குறைக்கப் பழக்குவார்கள். கடைசியாகச் சொன்னதுதான் என் கணக்கில் ரொம்பக் கஷ்டம். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மாத்திரையும் தருவார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்தியாவில் 14416 (டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி சேவை) என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

இதை நடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள்; வலியும் படபடப்பும் நிஜம்தான், அதற்கு மனம் சொல்லும் காரணம்தான் தப்பு.