பிரித்தம் சிங் மென்மையாகிவிட்டாரா? அவருடைய நாடாளுமன்றப் பேச்சு ஏன் மாறியது?

கேள்வி: "2020க்கு முன்பு சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் பிரித்தம் சிங் அமைச்சர்களைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல் மடக்குவார். எதிர்க்கட்சித் தலைவர் ஆனதும் ‘அமைச்சருக்கு நன்றி’ என்று ஆரம்பித்து நீட்டி முழக்கினார். பயந்துவிட்டாரா?"

நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வரும் துண்டுக் காணொளிகளாக இருக்கும். அதை மட்டும் பார்த்தால் எனக்கும் இதே சந்தேகம்தான் வரும். ஆனால் ‘பயந்துவிட்டார்’ என்ற விளக்கம் சோம்பேறித்தனமானது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்குப் பிரித்தமின் பாட்டாளிக் கட்சியும் உறவில்லை, ஆளும் மக்கள் செயல் கட்சியும் (மசெக) உறவில்லை. நீதிமன்ற விவகாரத்தையும் இங்கே இழுக்கவில்லை. சிறப்புரிமைக் குழுவிடம் பொய் சொன்னதாக இரண்டு குற்றச்சாட்டுகள், 2025 பிப்ரவரி 17ஆம் தேதி தீர்ப்பு, ஒவ்வொன்றுக்கும் 7,000 வெள்ளி அபராதம், அதன்பின் வந்த விளைவுகள் எல்லாம் தனிக் கதை. கேட்டது பேச்சைப் பற்றி, அதனால் பேச்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2011இல் அல்ஜுனிட் குழுத்தொகுதியில் வென்று உள்ளே போனதிலிருந்து 2020 வரை அவர் பின்வரிசை உறுப்பினர், அதாவது மன்றத்தில் தனிப் பதவி எதுவும் இல்லாதவர். பின்வரிசைக்காரருக்கு இருக்கும் கூர்மையான ஆயுதம் கேள்வி நேரம்தான். ஓர் அமர்வுக்கு ஒருவர் 5 கேள்விகள் வரை கொடுக்கலாம், அவற்றில் 3தான் வாய்மொழிப் பதிலுக்கு. முழு மன்றத்துக்குமாகச் சேர்த்துக் கேள்வி நேரம் ஒன்றரை மணி. அமைச்சர் எழுதிவைத்த பதிலைப் படித்து முடித்ததும் கையைத் தூக்கித் துணைக் கேள்வி கேட்க வேண்டும். அது கேள்வியாகத்தான் இருக்க வேண்டும், சொற்பொழிவாக நீண்டால் மன்ற நாயகர் குறுக்கிடுவார். இந்தச் சந்துக்குள் பேசுகிற யாருக்கும் வாக்கியம் குட்டையாகத்தான் வரும். "எண்ணிக்கை என்ன? ஏன் வெளியிடவில்லை? எப்போது வெளியிடுவீர்கள்?" அவர் வழக்கறிஞர் என்பதால் அது குறுக்கு விசாரணை மாதிரி கேட்டது, அவ்வளவுதான்.

இந்த முறை எங்கே சறுக்கும் என்பதற்கு 2020 ஜனவரி 6ஆம் தேதி நல்ல சான்று. வேலை வளர்ச்சியில் சிங்கப்பூரர்களுக்கு எவ்வளவு, நிரந்தரவாசிகளுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும்படி அவர் அமைச்சர் சான் சுன் சிங்கிடம் கேட்டார். அமைச்சர் சில எண்களைக் கொடுத்துவிட்டு, இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் நோக்கம் என்ன என்று திருப்பிக் கேட்டார். சமூக ஊடகத்தில் அதைப் பலர் அமைச்சரின் தவறாகப் பார்த்தார்கள். விவாதக் கலையாகப் பார்த்தால் அது கைதேர்ந்த அடி. எண்ணைக் கேட்டவர் இப்போது தன் உள்நோக்கத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். கோப்பு முழுவதும் அமைச்சர் கையில், கடைசிச் சொல்லும் அவருக்குத்தான். ஏன் கேட்கிறேன் என்பதை முன்னாலேயே சொல்லிவைக்காத கேள்விக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. பின்னாளில் அவருடைய கேள்விகளில் முன்னுரை நீண்டதே என்கிறீர்களே, அதன் வேலையே இந்தக் கதவை அடைப்பதுதான் என்பது என் கணிப்பு.

அடுத்து 2020 ஜூலை தேர்தல். மொத்தம் 93 இடங்கள். பாட்டாளிக் கட்சிக்கு அல்ஜுனிட், ஹவ்காங், செங்காங் சேர்த்து 10. எதிர்க்கட்சித் தலைவர் என்ற பதவி முதன்முறையாக முறைப்படி கொடுக்கப்பட்டது. எல்லாரும் சம்பளத்தைப் பற்றியே பேசினார்கள் (ஆண்டுக்கு 385,000 வெள்ளி, சாதாரண உறுப்பினரின் படித்தொகையைப் போல இருமடங்கு). பேச்சை மாற்றியவை வேறு.

அமைச்சர் முடித்ததும் உறுப்பினர்களில் முதலில் பதில் சொல்லும் உரிமை அவருக்கு வந்தது. இது வரம் மாதிரி தெரியும், பாதி சாபம். பின்வரிசையில் இருந்தபோது நாலு பேர் பேசுவதைக் கேட்டு, எங்கே ஓட்டை என்று பார்த்து எழுந்தால் போதும். முதலில் எழுகிறவர் களத்தையே வரைய வேண்டும், கட்சி எதை ஏற்கிறது, எதை மறுக்கிறது, மாற்று என்ன என்று. அதோடு நேரமும் கூடியது. மற்ற உறுப்பினருக்கு 20 நிமிடம் என்றால் அவருக்கு அமைச்சர் போன்ற அரசாங்கப் பதவி வகிப்பவர்களைப் போல 40 நிமிடம். நாற்பது நிமிடமும் குத்திக்கொண்டே இருக்க முடியாது, கேட்பவர் காது மரத்துப்போகும். நீண்ட உரைக்கு எலும்புக்கூடு வேண்டும், ஒப்புக்கொள்ளும் இடங்கள் வேண்டும், மூச்சுவிட இடம் வேண்டும். கூடுதலாக மூன்று சட்டமன்ற உதவியாளர்கள் வரை அமர்த்தவும் நிதி கிடைத்தது. உதவியாளர் எழுதிய பத்தி, அவரே எழுதியதைவிட எப்போதும் கொஞ்சம் வழவழப்பாகத்தான் இருக்கும். இது எந்தக் கட்சிக்கும் பொருந்தும்.

யாரும் கவனிக்காத இன்னொன்று: தேசியப் பாதுகாப்பு, வெளியுறவு தொடர்பான சில விவகாரங்களில் அவருக்கு இரகசிய விளக்கம் தரப்படும் என்ற ஏற்பாடு. தெரியாதவர் துணிந்து கேட்கலாம். தெரிந்தவர் தெரிந்ததை வைத்துக்கொண்டு கேட்க முடியாது, தெரியாத மாதிரியும் நடிக்க முடியாது. அந்த விஷயங்களில் வாய் தானாகக் குறுகும்.

இதற்காகக் கூர்மை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். 2020 செப்டம்பர் 2ஆம் தேதி அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், மசெக அரசாங்கம் எப்படியும் அமையும் என்ற நம்பிக்கையில் எதிர்க்கட்சிக்கு வாக்களிப்பவர்கள் இலவசப் பயணம் போகிறவர்கள் என்ற பொருளில் பேசினார். பிரித்தம் அங்கேயே எழுந்து மறுத்தார். அக்டோபரில் குறைந்தபட்சச் சம்பளம் பற்றி அப்போதைய மூத்த அமைச்சர் தர்மனுடன் வாதாடினார். அங்கேதான் புதிய பாணி பளிச்சென்று தெரிந்தது. பாட்டாளிக் கட்சி 1,300 வெள்ளி என்று ஓர் எண்ணை மேசைமேல் வைத்திருந்தது. எண் வைத்தால் அடி விழும். ஏன் 1,300, ஏன் எல்லாத் துறைக்கும் ஒன்று, வேலை போனால் யார் பொறுப்பு என்று எண் வைத்த எதிர்க்கட்சியைத்தான் குடைவார்கள். ஆனால் சண்டை நோக்கத்திலிருந்து கணக்குக்கு மாறிவிடும். ஜனவரியில் "ஏன் கேட்கிறாய்" என்பதில் நின்ற விவாதம், அக்டோபரில் அரசாங்கத்தின் துறைவாரியான படிப்படிச் சம்பள முறை நல்லதா, எல்லாருக்கும் ஒரே அடித்தளம் நல்லதா என்ற இடத்துக்கு வந்தது. மென்மை என்று நீங்கள் சொல்வதன் பலன் இது. பார்க்கச் சுவாரசியம் குறைவு, ஒத்துக்கொள்கிறேன்.

2021 ஜனவரி முதல் அமர்வுகள் நேரலையாகவும் வருகின்றன. வாக்கெடுப்பில் எப்படியும் தோற்கப்போகும் தரப்பு மன்றத்துக்குள் இருப்பவர்களுக்காக மட்டும் பேசாது, வீட்டில் கைப்பேசியோடு இருப்பவருக்கும் சேர்த்துத்தான் பேசும். 2019 மே மாதம் பொய்ச்செய்திச் சட்டம் 72க்கு 9 என்று நிறைவேறியபோது அந்த 9 வாக்குகளின் வாதத்தைப் பெரும்பாலோர் செய்தித்தாளில் சுருக்கமாகத்தான் படித்தார்கள்.

"ஜெயரத்னம் இப்படியா பேசினார்?" என்று அடுத்து கேட்பீர்கள், தெரியும். பாட்டாளிக் கட்சியின் பழைய தலைவரான அவர் 1981இல் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்று உள்ளே போனபோது 75 பேரில் ஒரே எதிர்க்கட்சிக்காரர். ஒற்றை ஆளுக்கு மாற்று வரவுசெலவுத் திட்டம் எழுத நேரமோ ஆளோ ஏது? இடித்துக் கேட்பதுதான் அவரால் முடிந்தது. பிரித்தமுக்கு முன்பு கட்சியை நடத்திய லோ தியா கியாங் வேறு வார்ப்பு: குறைந்த சொற்கள், நிதானம், மாண்டரினில் ஒரு பழமொழி, உட்கார்ந்துவிடுவார். மூவரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை.

ஜெயரத்னம் பேச்சு வந்ததால் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மன்றத்துக்குள் பேசுவதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, வெளியே எழுதுவதற்கு இல்லை. 1995இல் கட்சி ஏட்டில் தமிழ் மொழி வார ஏற்பாட்டாளர்களைப் பற்றித் தமிழில் வந்த ஒரு கட்டுரைதான் அவதூறு வழக்காகி, 2001இல் அவரைத் திவாலாக்கி, தொகுதியில்லா உறுப்பினர் (தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளருக்குத் தரப்படும்) இடத்தையும் பறித்தது. நம் மொழியில் எழுதிய ஒரு கட்டுரை நாடாளுமன்ற வரலாற்றையே தொட்டிருக்கிறது. ஆனால் மன்றத்துக்குள் தமிழ்? அரசமைப்புச் சட்டத்தின் 53ஆவது பிரிவு தமிழில் விவாதிக்க முழு உரிமை தருகிறது, உடனடி மொழிபெயர்ப்பும் இருக்கிறது. நடைமுறையில் தமிழ் தெரிந்தவர்களும் ஒரு வணக்கம், ஒரு குறள், இரண்டு பத்தி, அப்புறம் ஆங்கிலம். ‘தமிழில் கேட்டால் அமைச்சர் ஆங்கிலத்தில்தானே பதில் சொல்வார்’ என்பார்கள். சொல்லட்டுமே. பிரித்தம் மென்மையா காரமா என்று தமிழில் சண்டைபோடும் நாம், தமிழிலேயே ஒரு காரமான துணைக் கேள்வியைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று? சரி, விடுங்கள்.

நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டுமா? நாடாளுமன்ற இணையத்தளத்தில் அதிகாரபூர்வப் பதிவு இலவசமாகக் கிடைக்கிறது, உறுப்பினர் பெயரையும் தேதியையும் போட்டுத் தேடலாம். 2020 ஜனவரி 6ஆம் தேதிப் பதிவையும் அதே ஆண்டு அக்டோபர் விவாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவையுங்கள். கேள்வி நேரத்தைக் கேள்வி நேரத்தோடும், உரையை உரையோடும் ஒப்பிடுங்கள். கலந்தால் முடிவு தப்பாக வரும், பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். வரவுசெலவு விவாதத்தில் அமைச்சு அமைச்சாக ஒப்புக்கு 100 வெள்ளி குறைக்கச் சொல்லி வரும் வெட்டுத் தீர்மானங்களைச் சேர்க்காதீர்கள். அங்கே நிமிடக் கணக்கு மிக இறுக்கம், யார் பேசினாலும் தந்தி மாதிரிதான் இருக்கும். பிறகு "நன்றி" என்ற சொல் வரும் இடங்களில் நிறுத்தி, அதற்கு அடுத்த வாக்கியத்தை மட்டும் படியுங்கள். எழுத்தில் குரலும் தயக்கமும் தெரியாது, அதனால் 2021க்குப் பிந்தைய அமர்வுகளுக்குக் காணொளியையும் பாருங்கள். துண்டு அல்ல, அமைச்சரின் பதில் முடியும் வரை.