மகப்பேறு உதவித்தொகை: கேட்டவர்களுக்கு நர்சம்மாவின் பதில்கள்

கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கும் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்கும் வரவேண்டிய அரசுப் பணம் பற்றிக் கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, எனக்கு இது முதல் கர்ப்பம், இரண்டு மாதம் ஆகிறது. எவ்வளவு கிடைக்கும், எப்போது வரும்?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பு, தங்கச்சி. 14,000 பணமாக வரும். மீதி 4,000க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், ஆவின் நெய் எல்லாம் அதில் இருக்கும். முன்பு ஐந்து தவணையாக வந்த பணம் 2024 முதல் மூன்று தவணையாக வருகிறது: கர்ப்பத்தின் நாலாம் மாதம் 6,000, குழந்தைக்கு நாலு மாதம் ஆகும்போது 6,000, ஒன்பது மாதத்தில் 2,000. பெட்டகம் கர்ப்பத்தின் மூன்றாம் மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று.

உங்களுக்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும், குடும்பம் வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும்தான். 12 வாரம் முடிவதற்குள் பதிந்துவிடுங்கள். இந்த வாரமே உங்கள் பகுதி நர்சம்மாவைப் பாருங்கள், இல்லாவிட்டால் 102க்குப் போன் பண்ணுங்கள். 12 இலக்க பிக்மி எண், அதாவது உங்கள் கர்ப்பப் பதிவு எண், தருவார்கள்.

கர்ப்பம் ஐந்து மாதம் ஆகிவிட்டது, இன்னும் ஒரு ரூபாய் வரவில்லை. கேட்டால் "அனுப்பியாச்சு" என்கிறார்கள். எங்கே போச்சு?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் தகுதி இருந்தும் பணம் கைக்கு வராமல் போவது பெரும்பாலும் இங்கேதான்.

பணம் உங்கள் ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அங்கே போகும். நீங்கள் நர்சம்மாவிடம் கொடுத்த பாஸ்புக் ஒன்று, ஆதார் இணைந்த கணக்கு வேறொன்று என்று இருக்கும். கல்லூரியில் ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்த கணக்கை நீங்களே மறந்திருப்பீர்கள், ஆதார் அதில்தான் இருக்கும். நான் வேலை செய்த பகுதியில் ஒரு பெண் ஒவ்வொரு மாதமும் வங்கிக்கு நடந்தாள். கடைசியில் பார்த்தால் பணம் அவள் பிறந்த ஊர் கிளையில், முடங்கிப்போன கணக்கில் கிடந்தது. பாஸ்புக் அம்மா வீட்டுப் பெட்டியில்.

ஆதார் இணையதளத்தில் உங்கள் ஆதார் எண்ணையும் மொபைலுக்கு வரும் ஓடிபியையும் போட்டால் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று காட்டிவிடும். அந்தக் கணக்கு முடங்கியிருந்தால் உயிர்ப்பியுங்கள். அல்லது இப்போது பயன்படுத்தும் வங்கிக்குப் போய், "அரசு உதவித்தொகை வர ஆதாரை இந்தக் கணக்கில் இணையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். வெறுமனே ஆதார் நகல் கொடுத்துவிட்டு வந்தால் போதாது, இந்த வாசகம் முக்கியம். வங்கிக்குப் போக முடியாத உடல்நிலை என்றால் தபால்காரரைக் கேளுங்கள், வீட்டுக்கே வந்து கைரேகை வைத்து அஞ்சல் வங்கிக் கணக்கு திறந்து தருவார்.

இன்னொன்று பெயர். ஆதாரில் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் வீட்டுக்காரர் பெயர். கல்யாணமான புதிதில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். கணவர் கணக்கைக் கொடுக்காதீர்கள். தாயின் பெயரில் வரும் பணம் இது, அவள் கணக்கில்தான் விழ வேண்டும்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு, வேறு மாவட்டத்துக்குப் போகிறேன். திரும்பப் பதிய வேண்டுமா?

வேண்டாம். ஒரு கர்ப்பத்துக்கு ஒரே பிக்மி எண். இரண்டாவது எண் வாங்கினால்தான் சிக்கல் வரும். கிளம்புமுன் இங்குள்ள நர்சம்மாவிடம் சொல்லுங்கள், போன இடத்தில் எண்ணையும் மருத்துவ அட்டையையும் காட்டுங்கள். குழந்தைக்குத் தடுப்பூசி எங்கே போட்டாலும் அந்த எண்ணில் ஏற்றச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு வரும் தவணைகள் அதைப் பார்த்துத்தான் வரும்.

மத்திய அரசின் மாத்ரு வந்தனா 5,000 இதற்கு மேல் தனியாக வருமா?

வராது. தமிழ்நாட்டில் அதையும் சேர்த்துத்தான் இந்தத் திட்டம் ஓடுகிறது. தனியாக வாங்கித் தருகிறேன் என்று யாராவது கமிஷன் கேட்டால் கொடுக்காதீர்கள். ஜனனி சுரக்ஷா என்று ஒன்று தனியாக உண்டு: வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் அரசு மருத்துவமனையில் பிரசவித்தால் கிராமத்தில் 700, நகரத்தில் 600.

போன வருடம் கரு கலைந்துவிட்டது. அப்போது பணம் வாங்கியிருந்தேன். இந்த முறை கேட்கலாமா?

கேளுங்கள் அம்மா, தயங்கவே வேண்டாம். மாத்ரு வந்தனா விதியிலேயே, கரு கலைந்தாலும் குழந்தை இறந்து பிறந்தாலும் அடுத்த கர்ப்பத்தில் புதிய பயனாளியாகச் சேர்க்க வேண்டும் என்று இருக்கிறது. போன தடவை விவரத்தை நர்சம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள், உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும் அது அவருக்குத் தெரிய வேண்டும். வேலைக்குப் போகிற பெண் என்றால், கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு சட்டத்தில் உண்டு. இது தெரியாமல் மூன்றாம் நாளே வேலைக்குப் போன பெண்களைப் பார்த்து மனசு ஆறவில்லை எனக்கு.

தனியார் கம்பெனியில் 19,000 சம்பளம். ஈஎஸ்ஐ பிடிக்கிறார்கள். எனக்கு எது?

உங்களுக்கு ஈஎஸ்ஐதான் பெரிய தொகை. 26 வாரத்துக்குச் சம்பளத்துக்கு ஈடான பணம் ஈஎஸ்ஐ தரும். அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் (ஆறு ஆறு மாதமாகச் சந்தா பிடிக்கும் காலம்) 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஈஎஸ்ஐ இல்லாதவர்களுக்குக் கம்பெனியே 26 வாரம் முழுச் சம்பளம் தர வேண்டும், முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். இரண்டு குழந்தை இருந்து அடுத்தது என்றால் 12 வாரம்.

அக்கா, அப்பாவுக்கு லீவு?

மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள், தம்பி. தனியார் வேலைக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது, கம்பெனி தந்தால் உண்டு. தர வேண்டும் என்பதுதான் என் கட்சி.

எங்களுக்கு இரண்டும் பெண். டெபாசிட் திட்டம் இருக்கிறதாமே?

1992 முதல் இருக்கும் முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் அது. ஒரே பெண் என்றால் 50,000, இரண்டு பெண் என்றால் ஆளுக்கு 25,000 அரசே வைப்பு வைக்கும். 18 வயதில் வட்டியோடு கிடைக்கும். ஆண் குழந்தை இருக்கக் கூடாது, பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்திருக்க வேண்டும், வருமான வரம்பும் உண்டு. இரண்டாவது குழந்தைக்கு மூன்று வயது ஆகுமுன் மனு கொடுத்துவிட வேண்டும். மருத்துவமனையில் ஆபரேஷன் சான்றிதழை அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

பிறப்புச் சான்றில் பெயர் போடவில்லை. பணம் நிற்குமா?

நிற்காது. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்திருந்தால் போதும். பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். பெயர் சேர்த்ததும் ரேஷன் கார்டிலும் குழந்தையை ஏற்றிவிடுங்கள்.