ஆறு நாளும் முந்நூறு கோடி வருஷமும்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, பெங்களூரு லிங்கராஜபுரத்திலிருந்து எழுதுகிறேன். என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியிலிருந்து லால்பாக் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே குன்றாக நிற்கிற பாறைக்கு ஏறக்குறைய 300 கோடி வருஷம் என்று தெரிந்துகொண்டு வந்தவன், ஞாயிறு பள்ளியில் "அப்படியென்றால் ஆறு நாளில் படைத்தார் என்பது எப்படி?" என்று கேட்டிருக்கிறான். "ஆறு நாள் என்றால் இருபத்துநாலு மணி நேர நாள்தான். அதைச் சந்தேகப்பட்டால் நீ விசுவாசியே இல்லை" என்று ஆசிரியர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். வீட்டில் என் மாமனாரும் அதே கட்சி. உலகத்துக்கு ஆறாயிரம் வயசு என்று உறுதியாக நம்புகிறவர். இப்போது மகன் குடும்ப ஜெபத்துக்கு வந்து உட்காருவதில்லை. கணவர் ஷிப்டைச் சொல்லி நழுவிவிடுகிறார். யார் சொல்வது சரி? நான் பிள்ளைக்கு என்ன சொல்வது?

பதில்: அன்புத் தங்கைக்கு,

இன்று ராத்திரி சாப்பாடு போடும்போதே பையனிடம் சொல்லிவிடுங்கள்: "நீ கேட்டதில் தப்பே இல்லை." மற்றதெல்லாம் அப்புறம். உங்கள் கடிதத்தில் 300 கோடி என்ற எண் எனக்குக் கவலை தரவில்லை. "நீ விசுவாசியே இல்லை" என்ற வார்த்தைதான் வலிக்கிறது.

எனக்கும் அவன் வயதில் இது நடந்தது. சூரியனும் சந்திரனும் நாலாம் நாளில்தானே வந்தன, அதற்கு முந்தின மூன்று நாளுக்கும் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வந்தது என்று கேட்டேன். "உட்கார்" என்றார்கள். உட்கார்ந்தேன். அதன்பின் வெகு காலம் ஆலயத்தில் நான் வாய் திறந்து எதையும் கேட்கவில்லை. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற பெரிய வேத அறிஞர் இதே கேள்வியை எழுதிவைத்திருக்கிறார் என்று பின்னால் படித்தபோது அழுகையே வந்தது. ஒரே ஒருவர் அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் போதுமே!

வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் "நாள்" என்று வருகிற இடத்தில் மூல மொழியான எபிரெயத்தில் இருப்பது "யோம்" என்ற சொல். அது நம் தமிழ் "நாள்" போலவே பல வேலை செய்யும். உங்கள் மாமா "எங்க நாளில் அல்சூர் இப்படியா இருந்தது" என்று சொன்னால் யாரும் மணிக்கணக்குப் பார்ப்பதில்லை. முதல் அதிகாரத்தில் ஆறு நாளாகச் சொன்ன வேலையை, இரண்டாம் அதிகாரம் நாலாம் வசனம் "பூமியையும் வானத்தையும் உண்டாக்கின நாளிலே" என்று ஒரே நாளுக்குள் அடக்கிவிடுகிறது. ஆறு நாளுக்கும் "சாயங்காலமும் விடியற்காலமும் ஆகி" என்று முடிப்பு உண்டு, ஏழாம் நாளுக்குக் கிடையாது. அந்த நாள் இன்னும் முடியவில்லை என்று வாசித்தவர்களும் இருக்கிறார்கள்.

மாமா பக்கமும் வலுவில்லாமல் இல்லை. எண் போட்டு, சாயங்காலம் விடியற்காலம் சேர்த்துச் சொன்னால் சாதாரண நாள் என்றுதான் முதலில் தோன்றும். பத்துக் கட்டளையில், ஆறு நாள் வேலை செய்து ஏழாம் நாள் ஓய்ந்திரு என்பதற்குக் காரணமே கர்த்தர் ஆறு நாளைக்குள்ளே எல்லாவற்றையும் உண்டாக்கினார் என்பதுதான். நாலாம் நூற்றாண்டில் பசிலியு என்ற பேராயரும், பின்னால் சபைச் சீர்திருத்தவாதி லுத்தரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். மாமா நேற்று முளைத்த ஏதோ பிடிவாதத்தைப் பேசுகிறார் என்று பையன் நினைத்துவிடக் கூடாது.

ஆனால் அந்த ஆறாயிரம் என்ற எண் வசனத்தில் எங்கும் இல்லை. வம்ச வரலாறுகளில் வரும் வயதுகளைக் கூட்டிக் கணக்குப் போட்டவர்கள் பலர். அதில் புகழ்பெற்றவர் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர். 1650இல் வெளியிட்ட நூலில், படைப்பு கி.மு. 4004இல் நடந்தது என்றார். 1701 முதல் ஆங்கில வேதாகமத்தின் ஓரத்தில் அந்த வருஷங்களை அச்சடிக்க ஆரம்பித்தார்கள். ஓரத்தில் இருந்தது நாளடைவில் வசனம் போலவே மனசில் பதிந்துவிட்டது. பெரும் உழைப்புதான், ஆனால் மனுஷர் போட்ட கணக்கு.

எனக்கு மிகவும் பிடித்தவர் பழங்காலத் திருச்சபையின் பெரிய வேத அறிஞரான அகஸ்டின். ஆதியாகமத்தின் நேர்ப்பொருளை விளக்கவே ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல வருஷம் உட்கார்ந்து ஒரு நூல் எழுதினார். அப்படி எழுதியும், தேவன் எல்லாவற்றையும் ஒரே நொடியில் படைத்தார், ஆறு நாள் என்பது நாம் புரிந்துகொள்வதற்கான வரிசை என்றார். அவர் காலத்தில் டார்வின் இல்லை, பாறையின் வயதை அளக்க யாருக்கும் தெரியாது. வசனத்தைப் படித்தே அந்த முடிவுக்கு வந்தார். மனித வரலாறு ஆறாயிரம் வருஷத்துக்குள் அடங்கும் என்று எழுதியதும் அவரேதான்! இரண்டும் ஒரே மனசில் இருந்திருக்கின்றன. வானத்தையும் நட்சத்திரத்தையும் பற்றி விசுவாசி ஒருவன் தெரியாமல் பேசினால், அதை நன்கு அறிந்த அவிசுவாசி உயிர்த்தெழுதலைப் பற்றி அவன் சொல்வதையும் எப்படி நம்புவான் என்று அவர் கேட்டதை ஒவ்வொரு ஞாயிறு பள்ளி ஆசிரியரும் படிக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சரி, பாறைக்கு வருவோம். லால்பாக் பாறை நைஸ் வகையைச் சேர்ந்தது. பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி வந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. யுரேனியம் சிறுகச் சிறுக ஈயமாக மாறும் வேகத்தைக் கொண்டு இப்படிப்பட்ட பாறைகளின் வயதைக் கணிக்கிறார்கள். பூமிக்கே 450 கோடிக்குமேல் வயது என்று சொல்வதும் அந்த முறையில்தான். யார் சொல்வது சரி என்று நீங்கள் நேராகக் கேட்டதால் நேராகவே சொல்கிறேன். நான் இந்தக் கணக்கை நம்புகிறேன். அந்த ஆறு நாளைக் கடிகார நாளாக நான் வாசிப்பதில்லை. ஸ்காட்லாந்தில் கல் வெட்டும் கொத்தனாராக இருந்து நிலவியல் அறிஞரான ஹியூ மில்லர் என்ற உறுதியான விசுவாசி, ஒவ்வொரு நாளும் ஒரு நீண்ட யுகம் என்று 1850களில் எழுதினார். முதல் மூன்று நாளில் இடங்கள் அமைகின்றன, அடுத்த மூன்று நாளில் அதே வரிசையில் அவை நிரம்புகின்றன, ஆகவே இது ஓர் ஒழுங்கைக் காட்டும் அமைப்பு என்பவர்களும் உண்டு. என் மனம் இவர்கள் பக்கம் சாய்கிறது. ஒளி முதல் நாள், சுடர்கள் நாலாம் நாள். வானமும் தண்ணீரும் இரண்டாம் நாள், பறவையும் மீனும் ஐந்தாம் நாள். பையனை ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிப்பார்க்கச் சொல்லுங்கள், தானே கண்டுபிடிப்பான்.

ஞாயிறு பள்ளி ஆசிரியரைத் தனியாகப் பாருங்கள். சண்டைக்குப் போகவேண்டாம். ஆராதனையில் நாம் சொல்கிற விசுவாசப் பிரமாணத்தில் "வானத்தையும் பூமியையும் படைத்த" என்றுதான் இருக்கிறது, எத்தனை நாளில் என்று இல்லை என்பதை மட்டும் நினைவுபடுத்துங்கள். எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும் திருத்திச் சொல்லும்படி கேளுங்கள். அது உங்கள் பிள்ளைக்குச் சேரவேண்டியது.

மாமாவை மாற்றப் பார்க்காதீர்கள். அவரையும் பையனையும் ஒரு சனிக்கிழமை காலையில் லால்பாக்குக்கு அனுப்புங்கள். உங்கள் வீட்டுக்காரரும் அன்றைக்கு லீவு போட்டுக்கொண்டு கூடப் போகட்டும். பாறை மேல் கெம்பேகவுடா கோபுரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொண்ணூறாம் சங்கீதத்தை வாசிக்கச் சொல்லுங்கள். "பர்வதங்கள் தோன்றுமுன்னும்" என்று தொடங்கும் வசனமும், ஆயிரம் வருஷம் உமக்கு நேற்றுக் கழிந்த நாள் போல என்பதும் அதில்தான் வருகின்றன. பையன் வாசிக்கட்டும், தாத்தா ஜெபம் பண்ணட்டும். மாமாவுக்கு முட்டி வலி இருந்தால் மேலே ஏறவேண்டியதில்லை, கீழேயும் அதே பாறைதான்.

அன்புடன்,
அக்கா