சைலன்சர் கழலாமல் இருக்க: வாசகர் கேள்விகள்

பேட்டை வாசகர்: அண்ணாச்சி, பெண்ட் பைப் நட்டு மாசம் ஒரு தடவை கழலுது. லாக்டைட் பசை போட்டும் நிக்கல. நைலான் நட்டு போடலாமா?

போடாதீர்கள். பெண்ட் பைப் என்பது எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாய். எரிந்த புகை எஞ்சினை விட்டு வரும்போது 600, 700 டிகிரி இருக்கும். நட்டு உட்காரும் இடமே 200-ஐத் தாண்டிவிடும். நைலானுக்கு 120-தான் எல்லை. நீல லாக்டைட் 150, 180-க்கு மேல் பிடிக்காது. ஸ்பிரிங் வாசரும் அந்தச் சூட்டில் விறைப்புப் போய் வெறும் தகடாகிவிடும். வாய் லேசாக நசுக்கி வரும் முழு இரும்பு லாக் நட்டைக் கேட்டு வாங்குங்கள். லாக்டைட்டை, சைலன்சரை வண்டியோடு பிடிக்கும் பின்பக்க மவுண்ட் போல்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முறுக்குவது எஞ்சின் ஆறிய பிறகு மட்டும்.

தாழையூத்து வாசகர்: வண்டியில் கரகரன்னு சத்தம். என்ன காரணம்? உடனே பதில் வேணும்.

என்ன வண்டி, எத்தனை வருஷம், சத்தம் நிற்கும்போதா ஓடும்போதா, ஒன்றும் எழுதவில்லை. கடிதத்தை வைத்துக்கொண்டு நான் எதைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது? எஞ்சின் ஆறியதும் சைலன்சரை நீங்களே ஆட்டிப் பாருங்கள். முழுசாக ஆடினால் மவுண்ட் தளர்ந்திருக்கிறது. ஆடாமல் உள்ளே மட்டும் கிலுகிலுத்தால் தடுப்புத் தகடு விட்டிருக்கிறது. பார்த்துவிட்டு, விவரத்தோடு எழுதுங்கள்.

அம்பாசமுத்திரம் வாசகர்: சைலன்சரைக் கழற்றி மாட்டினதிலிருந்து ஆக்சிலேட்டரை விட்டால் பட் பட்டுன்னு வெடிக்குது. ரெண்டு தடவை நல்லா முறுக்கிட்டேன். ஒர்க்‌ஷாப்பில் கட்டுக்கம்பி சுத்திக் கொடுத்தாங்க.

கம்பியை முதலில் வெட்டி எறியுங்கள். பேக்கிங் மாற்றியதாக நீங்கள் எழுதவில்லை. மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் யாருமே மாற்றுவதில்லை.

எஞ்சின் ஹெட்டுக்கும் பெண்ட் பைப்புக்கும் நடுவில் உட்காரும் அந்தப் பேக்கிங் வளையம் ஒரே ஒரு தடவை நசுங்குவதற்கென்று செய்தது. நசுங்கி, இரண்டு பக்கத்து மேடுபள்ளத்தையும் அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றித் திரும்பப் போட்டால் பழைய பள்ளம் புது மேட்டில் உட்காராது. அந்த இடுக்கு வழியாக, ஆக்சிலேட்டரை விட்டதும் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, எரியாமல் வந்த பெட்ரோலோடு சேர்ந்து பைப்புக்குள் வெடிக்கிறது. அதுதான் நீங்கள் கேட்கும் பட் பட். பைப்பை எஞ்சினோடு சேர்க்கும் தட்டான பிளேஞ்ச் ஓரத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள், கண்மை மாதிரி கரி ஒட்டும். 2020-க்குப் பிறகு வந்த, பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டியென்றால் இன்னொரு வம்பும் உண்டு. அந்தக் காற்றைப் பார்த்து ஆக்சிஜன் சென்சார் பெட்ரோல் போதவில்லை என்று கணக்குப் போடும், எஞ்சின் கூடுதல் பெட்ரோல் குடிக்கும், மைலேஜ் இறங்கும்.

வளையத்தின் விலை ஐம்பது, நூறு ரூபாய். அதை மிச்சம் பிடித்துவிட்டு, ஒழுகுகிறதே என்று ஸ்பேனர் கைப்பிடியில் ஒரு நீளக் குழாயைச் சொருகி முறுக்குகிறார்கள். என் தம்பி வண்டிக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் இதைத்தான் செய்தார்கள். நட்டு ஏறும், தலையில்லாத போல்ட்டான ஸ்டட் அலுமினிய ஹெட்டுக்குள்ளேயே முறிந்தது. ஹெட்டை இறக்கி, துளை போட்டு முறிந்த துண்டை எடுத்து, புது மரை வெட்டி ஏற்ற நான்கு நாள். முறிந்த துண்டை இன்னும் மேசையில் வைத்திருக்கிறேன். கடைக்கு வேலை படிக்க வரும் பையன்களுக்கு முதலில் அதைத்தான் கையில் கொடுக்கிறேன்.

முறை இதுதான். புது வளையத்தைத் துளி கிரீஸ் தொட்டு ஒட்டவைத்து, எல்லா நட்டு, போல்ட்டையும் கையால் மட்டும் ஏற்றுங்கள். சைலன்சர் தானாகத் தன் இடத்தில் தொங்கட்டும். பிறகு பிளேஞ்ச் நட்டு இரண்டையும் மாறி மாறி, கால் சுற்று கால் சுற்றாக முறுக்குங்கள். முறுக்கு விசை 6 எம்எம் ஸ்டட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், 8 எம்எம்முக்கு 20 போதும். பின்பக்க மவுண்ட் கடைசியில்தான். அதை முதலில் இறுக்கினால் பைப் கோணலாக இழுபட்டு, ஒவ்வொரு குலுக்கலும் ஸ்டட்டில் விழும். கொஞ்ச தூரம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். ஆறிய பிறகு மட்டும்.

சேரன்மகாதேவி விவசாயி: டீசல் பம்ப் எஞ்சின் சைலன்சர் கழன்று கழன்று விழுது.

மரையில் ஏற்றும் சைலன்சர் அதிர்வில் தானாகச் சுற்றிக் கழலும். மரையைக் கம்பி பிரஷ்ஷால் கரி போகத் தேயுங்கள், அடியில் ஒரு லாக் நட்டு போட்டுச் சைலன்சரோடு எதிர் எதிராக இறுக்குங்கள். அறுப்புக் காலத்தில் வைக்கோல் படப்புப் பக்கத்தில் எஞ்சினை வைக்காதீர்கள் அய்யா. சூடான சைலன்சர் வைக்கோலில் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பாளையங்கோட்டை மாணவர்: துப்பாக்கி சைலன்சரும் பைக் சைலன்சரும் ஒன்றா?

நல்ல கேள்வி தம்பி. அமெரிக்காவில் 1909-இல் துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கிய ஹைரம் பெர்சி மாக்சிம், எஞ்சின்களுக்கும் சைலன்சர் செய்தவர். சீறி வரும் வாயுவை அறை அறையாக விரியவிட்டு வேகத்தை அடக்குவதுதான் இரண்டிலும் வேலை. கழலும் வியாதியும் ஒன்றே: சூடு, அதிர்வு, மரையில் கரி. துப்பாக்கியில் சைலன்சர் ஒரு நூல் கோணினாலும் குண்டு தடுப்புத் தகட்டில் உரசும். அதனால் வெறும் மரையை நம்பாமல், கூம்பாகச் சரியும் தோளில் உட்காரவைத்து, பல்சக்கரப் பூட்டும் போடுகிறார்கள்.

வள்ளியூர் வாசகர்: உள் தகட்டை எடுத்துவிட்டால் பிக்கப் கூடுமா?

சத்தம் கூடும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இல் அபராதம் 10,000 ரூபாய் வரை போகும், மூன்று மாதம் லைசென்சும் போகும்.

உவரி வாசகர்: பின் மவுண்ட் எத்தனை தடவை இறுக்கினாலும் லூஸ்.

ரப்பர் புஷ்ஷுக்குள் ஒரு சிறு இரும்புக் குழாய் இருக்க வேண்டும். கடல் காற்றில் துருப்பிடித்துக் கரைந்திருக்கும், இல்லையென்றால் கழற்றியபோது மணலில் விழுந்திருக்கும். அது இல்லாமல் முறுக்கினால் போல்ட் ரப்பரைத்தான் நசுக்கும், ரப்பர் தளர்ந்ததும் லூஸ். இருபது ரூபாய்க்குள் கிடைக்கும். பழைய போல்ட்டையும் கையோடு கடைக்குக் கொண்டுபோய், குழாய்க்குள் விட்டுப் பார்த்து வாங்குங்கள்.