வெண்கலப் பீரங்கி சேகரிப்பு: கேள்வி பதில்

வெண்கலப் பீரங்கி ஒன்று வாங்க ஆசை அண்ணா. எதில் தொடங்கலாம்?

லந்தாகாவில் தொடங்குங்கள் தம்பி. தென்கிழக்கு ஆசியாவில் புருணை, சுலு, மிண்டானாவோ கடல்களில் படகு விளிம்பில் நட்டு, வேண்டிய பக்கம் திருப்பிச் சுட்ட சிறு பீரங்கி அது. மலேசியாவில் லேலா, ரெந்தாகா என்பார்கள். போர்னியோவில் அதைப் பெண்ணுக்குப் பரிசமாகவும் கொடுத்தார்கள், பணமாகவும் புழங்கினார்கள். அதனால்தான் வீடுகளில் இத்தனை தப்பிப் பிழைத்திருக்கின்றன.

உஸ்மானியத் துருக்கிப் பீரங்கி கிடைக்காதா?

பெரியவற்றைப் போய்ப் பார்க்கத்தான் முடியும். 1464இல் முனீர் அலி வார்த்தது சுமார் 17 டன்; இரண்டு துண்டாக வார்த்து மரை போட்டு இணைத்திருக்கிறார். 1866இல் சுல்தான் அப்துல் அஜீஸ் விக்டோரியா ராணிக்குக் கொடுத்தார். இப்போது போர்ட்ஸ்மவுத் பக்கம் நெல்சன் கோட்டையில் இருக்கிறது. அந்த மரையை ஒருமுறை நேரில் பாருங்கள்.

லந்தாகாவில் போலியை எப்படிப் பிடிப்பது?

சுற்றுலாக்காரர்களுக்காக வார்த்தவை ஏராளம். முதலில் குழலுக்குள் டார்ச் அடியுங்கள். குழல் நேராக ஓடி, வத்தி வைக்கும் துளை உள்ளே போய்ச் சேர வேண்டும். அப்புறம் பக்கவாட்டைத் தடவுங்கள். மெழுகு உருவின் மேல் மண் பூசி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு வார்த்த பழைய பீரங்கியில் அச்சு சேர்ந்த கோடு வராது. கோட்டை அரத்தால் ராவிய தடம் இருந்தால் சந்தேகப்படுங்கள். குழலின் இரு பக்கமும் நீட்டிய முளை, அதைத் தாங்கும் கவையில் உரசிய இடம் தேய்ந்திருக்க வேண்டும். நான் அதிகம் நம்புவது இந்தத் தேய்மானத்தைத்தான். பச்சை நிறத்தை அமிலம் ஊற்றி ஒரே வாரத்தில் வரவழைத்துவிடலாம்.

புலிமுகம் வைத்த திப்பு பீரங்கி என்று ஒரு தரகர் சொல்கிறார். வாங்கலாமா சார்?

2015இல் லண்டன் ஏலத்தில் திப்புவின் பீரங்கி ஒன்று 14 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அப்படிப்பட்ட பொருள் தரகர் கையில் மலிவாக வராது. திப்பு, தானே கொண்டுவந்த மௌலூதி என்ற ஆண்டுக்கணக்கின் எண்களை வலமிருந்து இடமாக எழுத வைத்தவர். போலி செய்பவர்கள் அங்கே தடுமாறுவார்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப முடியாது. பொருள் வெளிநாட்டில் இருந்தால், எப்போது, எந்தக் காகிதத்தோடு வெளியே வந்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

புளி போட்டுத் தேய்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம்! வழவழப்பாகக் கறுத்த படலம்தான் உலோகத்துக்குக் கவசம். அதைத் தேய்த்தால் எழுத்தும் பூவேலையும் மழுங்கிவிடும், திரும்ப வராது. வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அது உப்பால் வரும் அரிப்பு. ஈரம் பட்டால் பரவும். ஈரமில்லாத இடத்தில் தனியாக வைத்துவிட்டு, அருங்காட்சியகப் பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பழைய பீரங்கிக்குள் மருந்து இருக்குமா?

இருக்கலாம். ஒரு மரக்குச்சியை உள்ளே விட்டு, அதே நீளத்தை வெளியே வைத்துப் பாருங்கள். வத்தித்துளை வரை எட்டவில்லை என்றால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. இரும்புக்கம்பியால் குத்தாதீர்கள், துளை போடாதீர்கள், சூடு காட்டாதீர்கள். காவல்துறையிடம் சொன்னால் வெடிபொருள் தெரிந்தவர்களை அனுப்புவார்கள்.