பாலத்தடி மனை யாருக்கு?

வணக்கம்.

நண்பர்கள் சிலர் சேர்ந்து எழுத்திலேயே ஆடும் ஒரு ரோல் ப்ளேயிங் கேம் நடத்துகிறோம். கதாபாத்திரங்கள் நிலம் வாங்கலாம், வீடு கட்டலாம், பயிர் வைக்கலாம் என்று ஒரு விதி கொண்டுவந்தோம். பொற்காசு சேர்த்து வைத்திருந்தவர்கள் முதல் வாரத்திலேயே நல்ல இடங்களை வளைத்துப்போட்டுவிட்டார்கள். ஆற்றுப் பாலத்தை ஒட்டிய மனை இப்போது ஒருவரிடம் இருக்கிறது, ஆறு மாதமாக அவர் ஆட்டத்துக்கே வருவதில்லை. புதிதாகச் சேர்பவர்களுக்கு மலைக்குப் பின்னால்தான் இடம் கொடுக்க முடிகிறது, அங்கே யாரும் போவதில்லை. மனையைத் திரும்ப எடுக்கலாம் என்று சிலர் சொல்கிறோம். "அவர் ஆடிச் சம்பாதித்த காசில் வாங்கியது, எடுப்பது திருட்டு" என்கிறார்கள் மற்றவர்கள். உங்கள் கருத்து என்ன?

க.

அன்புள்ள க.,

எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் நிலத்தை மட்டும், வீட்டைத் தொடாதீர்கள். இரண்டையும் ஒரே பொருளாக வைத்துப் பேசுவதால்தான் உங்கள் சண்டை தீராமல் போகிறது. அவர் கட்டிய வீடு, உள்ளே அடுக்கிய சாமான்கள், ஒவ்வோர் அறைக்கும் உட்கார்ந்து எழுதிய வர்ணனை எல்லாம் அவர் உழைப்பு, அதில் யாருக்கும் பங்கில்லை. பாலத்துக்குப் பக்கத்தில் இருப்பது என்கிற சிறப்பில் அவர் உழைப்பு எங்கே இருக்கிறது? பாலத்தை வரைபடத்தில் போட்டது நீங்கள், தினமும் அதைக் கடந்துபோய் அந்த இடத்துக்கு மதிப்பு ஏற்றியது மற்ற ஆட்டக்காரர்கள், அவர் எட்டிப்பார்க்காத இந்த ஆறு மாதத்திலும் அந்த மதிப்பு ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

இது ரொம்பப் பழைய தகராறு. 1997-இல் வந்த அல்டிமா ஆன்லைன் என்ற, பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் கணினி விளையாட்டில் ஆட்டக்காரர்கள் பத்திரம் வாங்கி, காலி இடம் பார்த்து, பொது உலகத்திலேயே வீட்டை வைத்தார்கள். வைக்க முடிந்த இடமெல்லாம் சீக்கிரமே நிரம்பிவிட்டது. 2000-இல் ஆட்டத்தை நடத்துகிறவர்கள் உலகத்தையே இன்னொரு பிரதி எடுத்துச் சேர்த்தார்கள், அங்கும் ஆட்டக்காரர்கள் அடித்துப்பிடித்து ஓடி வளைத்துப்போட்டார்கள். (நிலம் போதவில்லை என்றால் நிலத்தைக் கூட்டலாம் என்று உங்கள் குழுவிலும் யாராவது சொல்லியிருப்பார்கள், அவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.) அந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது, ஆரம்ப காலத்தில் இருந்த வீடு சிதிலமாகும் விதி. உரிமையாளரோ அவர் நண்பரோ வந்து கதவைத் திறந்தால் வீடு புதுப்பிக்கப்படும், யாருமே வராவிட்டால் தேயும். வாசல் பலகையைச் சொடுக்கினால் வீட்டின் நிலை தெரியும்: புதுசு போல, லேசான தேய்மானம், ஓரளவு தேய்மானம் என்று படிப்படியாக இறங்கிக் கடைசியில் "இடிந்து விழும் ஆபத்து" என்று வரும். அந்த வரி தெரிந்ததும் சுற்றிலும் ஆட்கள் கூடிவிடுவார்கள். விழப்போகும் நொடி யாருக்கும் தெரியாது. விழுந்தால் உள்ளே இருந்தது அத்தனையும் தரையில் கிடக்கும், பொறுக்குகிறவர்கள் ஒரு பக்கம், காலியான இடத்தில் தன் வீட்டை வைத்துவிடத் துடிப்பவர்கள் ஒரு பக்கம், ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கொல்லலாம் என்றிருந்த பகுதியில் இவர்களையெல்லாம் வெட்டிச் சாய்க்க வந்தவர்கள் இன்னொரு பக்கம். வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இதில் நிலத்தோடு வீடும் போய்விடுகிறது பாருங்கள், அது எனக்கு உடன்பாடில்லை.

ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற இணைய விளையாட்டு இதைக் கொஞ்சம் நாகரிகமாகச் செய்கிறது. உரிமையாளர் 45 நாள் வீட்டுக்குள் கால் வைக்காவிட்டால் வீடு இடிக்கப்படும், சாமான்களைக் குறிப்பிட்ட காலம் பத்திரமாக வைத்திருந்து கேட்டால் திருப்பிக் கொடுப்பார்கள். புயல், பெருந்தொற்று மாதிரி ஆட்டக்காரர்கள் உண்மையிலேயே வரமுடியாத சமயங்களில் இடிப்பதை நிறுத்திவைத்திருக்கிறார்கள். காலியாகும் மனை யாருக்கு என்பதுதான் அங்கே பெரிய தலைவலியாக இருந்தது. எப்போது விற்பனைக்குத் திறக்கும் என்று தெரியாததால் மனையில் இருக்கும் பலகையை மணிக்கணக்கில் சொடுக்கிக்கொண்டு நிற்பார்கள். 2022-இல் குலுக்கல் முறை கொண்டுவந்தபிறகுதான் அது ஓய்ந்தது. நீங்களும் முந்துகிறவருக்கே என்று வைக்காதீர்கள், வேலைவெட்டி இல்லாமல் திரைக்கு முன்னாலேயே கிடப்பவருக்குத்தான் எப்போதும் கிடைக்கும்.

உங்கள் ஆட்டத்துக்கு நான் சொல்வது இதுதான்: நிலத்தை விற்காதீர்கள், அனுபவ பாத்தியமாகக் கொடுங்கள். ஆடிக்கொண்டிருக்கும்வரை அவருடையது, பரீட்சை, உடம்பு சரியில்லை என்று முன்கூட்டியோ பிறகோ ஒரு வரி சொன்னால் கணக்கு நின்றுவிடும், சொல்லாமல் மூன்று மாதம் காணாமல் போனால் வீட்டை அப்படியே மூட்டை கட்டி வைத்துவிட்டு மனையைக் குலுக்கலுக்கு விடுங்கள். திரும்பி வந்தால் அதே வீடு, அதே சாமான், அதே வர்ணனை, காலியாக இருக்கிற வேறோர் இடத்தில். உங்களுடையது எழுத்து விளையாட்டு, வீட்டைப் பெயர்த்து வைக்க ஒரு வரி திருத்தினால் போதும், இதைச் செய்யாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை.

அப்புறம் வரி. ஆர்க்கிஏஜ் என்ற இணைய விளையாட்டில் நிலம் வைத்திருந்தவர் வாராவாரம் வரி கட்ட வேண்டியிருந்தது, இடங்கள் கூடக்கூட விகிதமும் ஏறியது. முதல் மனைக்கு வரியே வேண்டாம், இரண்டாவதிலிருந்து உறைக்கிற மாதிரி போடுங்கள். வரியை ஆட்டக்காரர் பேரில் கணக்கிடுங்கள், கதாபாத்திரத்தின் பேரில் கணக்கிட்டால் நாளைக்கே ஆளுக்கு நான்கு கதாபாத்திரம் முளைக்கும், பினாமி ஒழிப்புக்குத் தனியாக ஒரு குழு போட வேண்டிவரும்.

எல்லாத் தகராறையும் விதியால் அடைத்துவிட வேண்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதே ஆர்க்கிஏஜில் யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கில் மரம் நட முடிந்தது, ஆனால் காவல் கிடையாது, யார் வேண்டுமானாலும் வெட்டிக்கொண்டு போகலாம். அப்படி வெட்டினால் அந்த இடத்தில் காலடித் தடம் விழும். அதைப் பார்க்கிற இன்னோர் ஆட்டக்காரர் புகார் கொடுக்கலாம், குற்றக் கணக்கு ஏறி ஒருநாள் பிடிபட்டால் ஆட்டக்காரர்களே ஜூரியாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார்கள். ஒரு மரம் திருடியதிலிருந்து எத்தனை காட்சி கிடைக்கிறது! உங்கள் ஆட்டத்திலும் கொஞ்சம் நிலத்தை இப்படிப் புறம்போக்காகவே விட்டுவையுங்கள். பாலம், கிணறு, சந்தைக்குப் போகும் பாதை இவற்றை மட்டும் யாரும் அடைக்கக்கூடாது, சுங்கம் வசூலிக்கலாம் என்றும் விட்டுவிடாதீர்கள்.

ஆளுக்கொரு தனி உலகத்தில் வீடு கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் என்ற விளையாட்டு 2017-இல் அப்படித்தான் செய்தது. சண்டை இல்லை, பக்கத்து வீட்டுக்காரரும் இல்லை. எழுத்தில் ஆடுகிறவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தானே கதை.

விளைச்சல் கணக்கைச் சுருக்கமாக வையுங்கள். 1974-இல் வந்த, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ரோல் ப்ளேயிங் கேமான முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலேயே கோட்டை கட்டிய வீரனுக்குக் குடிமக்கள் தலைக்கு ஆண்டுக்குப் பத்துப் பொற்காசு வரி என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு அது போதும். விதை, உரம், கூலி என்று பட்டியல் போட ஆரம்பித்தால் ஆட்டம் கணக்குப்பிள்ளை வேலையாகிவிடும், அதில் ருசி கண்டவர் உங்கள் குழுவில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள், மற்றவர்கள் சொல்லாமல் கழன்றுகொள்வார்கள்.

நிஜப் பணத்தை மட்டும் உள்ளே விடாதீர்கள். நிஜக் காசு புழங்கும் என்ட்ரோபியா என்ற இணைய விளையாட்டில் 2004-இல், ஆட்டத்துக்குள் இருக்கும் ஒரு தீவு 26,500 டாலருக்கு விற்றது. செகண்ட் லைஃப் என்ற இணைய உலகத்தில் தன் கணக்கை முடக்கி நிலத்தை எடுத்துக்கொண்டதற்காக 2006-இல் ஒருவர் அதை நடத்தும் நிறுவனத்தின் மீது வழக்கே போட்டார், அது சமரசத்தில் முடிந்தது. நிஜக் காசு வாங்கியபிறகு நான் மேலே சொன்ன அனுபவ பாத்தியமெல்லாம் செல்லாது, வாங்கினவர் சட்டையைப் பிடிப்பார், பிடிக்க அவருக்கு நியாயமும் இருக்கும்.

கடைசியாக ஒன்று, உங்கள் குழுவில் திருட்டு என்கிறவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: அவர் வாங்கியபோது இப்படி ஒரு விதி இல்லை. அதனால் இன்றைக்கு எழுதிய விதியை வைத்து நேற்றைய ஆறு மாதத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். விதியை அறிவித்த நாளிலிருந்து எல்லோருக்கும் போல அவருக்கும் மூன்று மாதம் ஓடட்டும். அவருக்குத் தனியாகவும் ஒரு தகவல் அனுப்பிவிடுங்கள், மனை போகப்போகிறது என்று தெரிந்தால் ஒருவேளை ஆளே திரும்பி வந்துவிடலாம்.