ஸ்வெரேவாவின் வயதும் 1992-ம்

கேள்வி: பெலாரஸ் வட்டெறிதல் வீராங்கனை எல்லினா ஸ்வெரேவா 39 வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். வயது வெறும் எண்தான் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா? இவரைப் பற்றி நீங்கள் ஏன் எழுதுவதில்லை?

பதில்: எழுதலாம். ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக எழுத முடியாது.

ஸ்வெரேவா தன் வாழ்நாளிலேயே அதிக தூரம் எறிந்தது 1988-ல், லெனின்கிராடில். 71.58 மீட்டர். அப்போது அவருக்கு 27 வயது. 2000-ல் சிட்னியில் தங்கம் தந்த எறிதல் 68.40 மீட்டர். மூன்று மீட்டருக்கு மேல் குறைந்திருக்கிறது. அதில் வயதுக்கும் பங்கு இருக்கலாம். அதே 1988-ல், சியோல் ஒலிம்பிக்கில் சோவியத் அணிக்காக எறிந்தவருக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம்!

அப்படியானால் சிட்னியில் எப்படி வென்றார்? களம் மாறியிருந்தது. 1988-ன் முன்னணி வீராங்கனைகள் பலர் கிழக்கு ஜெர்மனிக்காரர்கள். இன்றுவரை முறியடிக்கப்படாத 76.80 மீட்டர் உலக சாதனையும் அந்த ஆண்டு, அந்த நாட்டில் படைக்கப்பட்டதே. அங்கே அரசே ஊக்கமருந்து கொடுத்து வந்தது பிறகு வெளியானது. சோவியத் யூனியன் உடைந்தது, சோதனைகள் கடுமையாயின, எறியும் தூரங்களும் இறங்கின. சிட்னியில் வெள்ளி வென்ற கிரேக்க வீராங்கனை கெலெசிடூ எறிந்தது 65.71 மீட்டர்தான்.

ஸ்வெரேவாவும் அந்தக் கறைக்கு வெளியே நின்றவர் இல்லை. 1992-ல் ஊக்கமருந்து விவகாரத்தில் தடை பெற்று பார்சிலோனா ஒலிம்பிக்கை இழந்தார். அவரைப் புகழும் பல கட்டுரைகள் இந்த வரியை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை.

அதற்காக அவருடைய உழைப்பு பொய் என்று ஆகிவிடாது. தடைக்குப் பிறகு திரும்பி வந்து 1995-ல் கோதென்பர்கில் உலக சாம்பியன், 1996-ல் அட்லாண்டாவில் வெண்கலம், அப்புறம் சிட்னி. இரண்டரை மீட்டர் வட்டத்துக்குள் ஒன்றரைச் சுற்று சுழன்று, ஒரு கிலோ தட்டைச் சரியான கோணத்தில் விட வேண்டும். வலு குறையும்போது அந்த நுட்பம்தான் கைகொடுக்கும். பல ஆண்டுகள் எறிந்து பழகியவர்களுக்கே அது வசப்படும். 1968-ல் ருமேனியாவின் லியா மனோலியு இதே வட்டெறிதலில் தங்கம் வென்றபோது அவருக்கு 36 வயது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

2001 எட்மண்டன் உலக சாம்பியன்ஷிப்பில் ஸ்வெரேவா இரண்டாவதாகத்தான் வந்தார். முதலில் வந்த ரஷ்யாவின் சடோவா காஃபீன் சோதனையில் சிக்கவே, உலகப் பட்டம் இவருக்கு வந்தது. அப்போது வயது 40. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிச் சுற்றிலும், 47 வயதில், எறிந்தார்.

அடுத்த இதழில் அவரைப் பற்றி முழுக் கட்டுரை வரும். 1992 அதில் இருக்கும்.